கரும்புள்ளிக்கும் ஓர் இடம்

பருவத் தொடக்கத்தில் விடுதி அறைச் சுவரில் கால அட்டவணை ஒட்டுகிறோம். பதினைந்தாம் நாள் அதைப் பார்க்கவே கூசுகிறோம். குறை நம் உறுதியில் மட்டுமா? இல்லை, எழுதும் முறையிலும் உண்டு. பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கை இதை விளக்கும்.

1706-இல் பாஸ்டன் நகரில் மெழுகுதிரி செய்பவரின் மகனாகப் பிறந்தார் அவர். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். பிறகு அச்சுத் தொழில் கற்றார். 1726-இல், இருபது வயதில், இலண்டனிலிருந்து பிலடெல்பியாவுக்குக் கப்பலில் திரும்பும்போது வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுதினார். கடன் தீரும்வரை சிக்கனம், உண்மை பேசுதல், திடீர்ச் செல்வத்தை நாடாமல் உழைத்தல், எவரையும் பழியாமை ஆகியவையே அதன் சாரம்.

சில ஆண்டுகளுக்குப் பின் வாயடக்கம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு முதலிய பதின்மூன்று பண்புகளைப் பட்டியலிட்டார். சிறு குறிப்பேட்டில் பண்புக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ஏழு நாள்களுக்கும் கட்டங்கள். மாலைதோறும் தம்மை ஆராய்ந்து, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கவனம். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று. புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பிறகு தந்த ஏடுகளில் எழுதி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

முழு வெற்றி பெற்றாரா? இல்லை. ஒழுங்கு கைவரவே இல்லை என்று தம் வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும், முயற்சியே தம்மை மேம்படுத்தியது என்கிறார். 1748-இல், 42 வயதில், அச்சகத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு மின்சார ஆராய்ச்சிக்கு நேரம் தேடிக்கொள்ள அவரால் முடிந்தது.

நண்பர்களே, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவறிய சோதனையையும் தேதியிட்டு எழுதுகிறோம். அடுத்த சோதனைக்கு அதுவே வழிகாட்டி. சுவர் அட்டவணையிலோ தவறுக்கு இடமே வைப்பதில்லை. ஒரு நாள் தவறினால் திட்டமே பொய்த்ததென்று கிழித்தெறிகிறோம். நானும் அப்படிக் கிழித்தவன்தான்.

'நன்றாகப் படிப்பேன்' என்பது ஆசை. 'இரவு உணவுக்கு முன் நான்கு கணக்குகள்' என்பது குறிக்கோள். செய்தோமா இல்லையா என்று அன்றிரவே சொல்லிவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தவறிய நாளில் புள்ளி வைப்போம், மறுநாள் தொடர்வோம்.

நகையை அடகு வைத்து நம்மை இவ்வளவு தொலைவு அனுப்பியவர்கள் ஊரில் காத்திருக்கிறார்கள். நாம் தவறே செய்யக்கூடாதென்று அவர்கள் கேட்கவில்லை. பாதியில் விட்டுவிடக்கூடாதென்றே கேட்கிறார்கள். இன்றிரவே ஒரு தாளில் கட்டம் போடுங்கள். கரும்புள்ளிக்கும் இடம் விடுங்கள்.