மலையக இளைஞருக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்ட் எது?

தீபாவளி முற்பணத்தில் மிஞ்சியதையும், கொழும்பில் கடை வேலை பார்க்கும் தமையன் அனுப்பியதையும் ஒன்றுசேர்த்து, லயத்து வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டருக்கு விளையாட்டுக்கென ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்க விரும்பும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பிள்ளைகள், விலையை விசாரிக்கு முன்னர் தங்கள் யந்திரத்தின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பவர் சப்ளையைப் பார்த்துவிடுவது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் தோட்டங்களுக்கு வந்து சேருபவற்றுள் பல, காரியாலயங்களில் உபயோகித்துக் கழித்த டெல், எச்.பி. பெட்டிகள். அவற்றின் பவர் சப்ளை பெரும்பாலும் 300 வாட்டைத் தாண்டாது. கார்டுக்குத் தனியே மின்சாரம் தரும் ஆறுமுனைக் கம்பியும் அநேகமாக இராது. மதர்போர்ட் ஸ்லாட்டின் வழியாகக் கிடைப்பதோ அதிகபட்சம் 75 வாட். இந்த எல்லைக்குள் அடங்குபவற்றுள் கவனிக்கத்தக்கவை 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650, 2024இல் வந்த 6 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 3050 ஆகிய இரண்டுமே எனலாம். முன்னது வெலரன்ட், ஜி.டி.ஏ. 5 போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும்; ஆனால் அதன் 4 ஜிபி நினைவகம் புதிய விளையாட்டுகளில் திணறும். பின்னதே உத்தமம். அதே 3050 என்ற பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்ட் 130 வாட் கேட்கும் என்பதையும், 1650இலும் சில தயாரிப்புகளுக்கு ஆறுமுனை இணைப்பு உண்டு என்பதையும், ஒடுங்கிய பெட்டிக்கு அரை உயரக் கார்டே பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது முதல், பழைய கார்டை நாடுவது பலருக்கும் நிர்ப்பந்தமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் ஈதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும், அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. 8 ஜிபி என்று ஆசை காட்டும் ஆர்.எக்ஸ். 580 அவற்றுள் பிரதானமானது. அது 185 வாட் விழுங்குவது. எந்தப் பழைய கார்டாயினும், கடையில் அதன் விசிறியை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள், ஆடினால் அச்சுத் தேய்ந்திருக்கிறது. பலகையின் ஓரங்களில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அது நெடுங்காலம் வெப்பத்தில் வெந்ததென்று சந்தேகிக்கலாம். அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டச் சொல்லி, திரையில் வர்ணப் புள்ளிகளோ கோடுகளோ எழுந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்டி புதியதாயினும் நமக்கு வேண்டாம். நான்கே பாதைகளால் மதர்போர்டுடன் பேசுவதாகையால், பழைய போர்டில் அதன் சக்தி வீணாகும்.

பவர் சப்ளையையும் மாற்ற வசதியுள்ளவர் ஆர்.எக்ஸ். 6600ஐத் தேடுக. 8 ஜிபி நினைவகத்தோடு 132 வாட்டில் 1080பி திரைக்குக் குறைவின்றிப் பணிபுரியும் அதற்கு, நம்பகமான 500 வாட் சப்ளையின் விலையையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை சற்றுக் குறையலாம். ஆனால் பழுதானால் அரைநாள் பிரயாணம் செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் நாம். ஆகவே கண்டியிலோ ஹட்டனிலோ நியாயமான விலைக்குக் கிடைக்குமாயின் அங்கேயே வாங்குங்கள். எங்கு வாங்கினாலும், கார்டின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்ட பில்லைக் கையிற் பெறாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.