யாருக்கும் சொல்லாத மூன்று மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மனைவிக்கு ஏழு வாரம், ஸ்கேனில் ஒரு பொட்டுதான் தெரிந்தது, எல்லாம் இனிமேல்தானே உருவாகும், மூன்று மாதம் முடிந்து வீட்டில் சொன்ன பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருக்கும் என் வாழ்த்துகள். அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

மருத்துவர் சொல்லும் ஏழு வாரம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆக, உங்கள் பிள்ளைக்கு இப்போது வயது ஐந்து வாரம். நீளம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் இதயம் துடிக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. கைகள் முளைத்துவிட்டன, கால்கள் சற்றே பின்தங்கி வருகின்றன. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் போன வாரமே மூடியாயிற்று.

அந்தக் குழாயைப் பற்றி நீங்கள் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவுற்ற மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப்பக்கத்தில் செல்கள் தட்டையாக ஒரு தகடு விரித்திருக்கும். அதன் இரண்டு விளிம்புகளும் எழும்பி உள்ளே வளைந்து, வாழைக்குருத்துபோல் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவது கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவும். தலைப்பக்கம் 25ஆம் நாள் வாக்கில் மூடும், கீழ்முனை 28ஆம் நாள் வாக்கில். மேலே மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாவதில்லை. கீழே மூடாமல் போனால் தண்டுவடம் திறந்தபடி குழந்தை பிறக்கும்; நடப்பதும் சிறுநீரை அடக்குவதும் பல குழந்தைகளுக்கு வாழ்நாள் போராட்டம். இந்த 28ஆம் நாள் எப்போது வருகிறது? நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். எத்தனையோ பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிப்பார்கள்.

செல்கள் இந்த வேகத்தில் பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அதைக் கண்டுகொண்ட கதையின் தொடக்கம் நம் நாட்டில்தான். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். பஞ்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட் சாறான மார்மைட்டை அவர் கொடுத்துப் பார்த்தார்; தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும்கூட அவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார். 1941இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அந்த வைட்டமின், ஃபோலிக் அமிலம் என்ற பெயரில், பிரித்தெடுக்கப்பட்டது. குழாய் மூடாத குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையைக் கொடுத்தால் அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வரும் வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1991இல் நிறுவியது. இந்தியப் பெண்களின் ரத்தத்தைப் பார்த்துத் தொடங்கிய அறிவு இது. நம் வீடுகளுக்குத்தான் முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி வரும் வாரங்களைப் பார்ப்போம். உங்கள் பிள்ளையின் கை இப்போது தட்டையாக, விரல் பிரியாமல் இருக்கும். விரல்களுக்கு இடையில் இருக்கிற செல்கள் தாமாகவே மடிந்து வழிவிட, விரல்கள் தனித்தனியாகும். குடல் வளரும் வேகத்துக்கு அந்தச் சின்ன வயிற்றில் இடம் போதாது. அதனால் அது தொப்புள்கொடிக்குள் இறங்கிச் சில வாரம் அங்கேயே வளர்ந்து, சுழன்று, பன்னிரண்டாவது வாரத்துக்குள் வயிற்றுக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. மருத்துவர் கணக்கில் பத்து வாரம் முடியும்போது முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுந்திருக்கும். அப்போதும் பிள்ளையின் நீளம் மூன்று சென்டிமீட்டர்தான்.

இந்த நாட்களில் ஒரு மாத்திரைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைத் தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுத்தார்கள். கருவுற்ற 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான சில நாட்களில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் அங்கே அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளிலுமாக 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அதனால் தம்பி, வாந்திக்கோ தலைவலிக்கோ மெடிக்கல் ஷாப்பில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தரட்டும். நீங்கள் புகைப்பவரென்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதம் சொல்லாமல் இருக்கிற வழக்கத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். கரு கலைவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஊருக்குச் சொல்லிவிட்டு, பிறகு இல்லையென்று ஒவ்வொருவரிடமும் சொல்வது ஒரு பெண்ணுக்குப் பெரிய வதை. உறவுக்கு வேண்டுமானால் பிறகு சொல்லுங்கள். மருத்துவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இந்த வாரமே பெயரைப் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிவிடுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பில் நாம் கூடி நின்று வளையல் அடுக்கும்போது பிள்ளைக்குக் காது கேட்கும், உண்மைதான். ஆனால் உறுப்புகள் உருவாகிற காலம் அதற்கு வெகு முன்பே முடிந்திருக்கும்.

இதுவரை ஃபோலிக் அமிலம் எடுக்கவில்லையே என்று உங்கள் மனைவி கலங்க வேண்டாம். அது இல்லாமலும் மிகப் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். எடுத்தும் சிலருக்குக் குறை வருவதுண்டு, காரணங்கள் பல. எது நேர்ந்தாலும் அவரைக் குற்றம் சொல்லும் பேச்சை உங்கள் வீட்டில் நீங்கள் அனுமதிக்கக் கூடாது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டு இப்போதே தொடங்குங்கள். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தருவார்கள். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட் அதில்தான் இறங்கியிருக்கும்.

தங்கைக்குத் தையில் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்களே. அவரை இப்போதே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போய் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும், சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். குழந்தை வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு ஒரு மாதமாவது முன்னால் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா