ஏரி மண்ணுக்கு ஒரு கணக்கு

ரமணாசிரமத்தை ஒட்டிப் பாலி தீர்த்தம் என்னும் குளம் இருப்பதைத் திருவண்ணாமலை மாணவர்கள் அறிவர். அண்ணாமலைச் சரிவில் ஓடிவரும் மழைநீர் மண்ணையும் சுமந்து வருகிறது. குளத்தை அடைந்ததும் நீரின் வேகம் குறைகிறது. துகள்களைத் தூக்கிச் செல்லும் ஆற்றலும் குறைகிறது. எனவே வண்டல் அடியில் படிகிறது. குளமோ ஏரியோ, தூர் வாராவிட்டால் ஆண்டுதோறும் ஆழம் குறைந்துகொண்டே வரும்.

இவ்வட்டார ஊராட்சிகளில் தூர் வாரும் வேலைகள் பல, நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்தன. 2006 பிப்ரவரியில் அத்திட்டம் முதற்கட்டமாகத் தொடங்கிய 200 மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. சரி, கணக்கில் எழுதிய அளவு மண் உண்மையிலேயே எடுக்கப்பட்டதா? இதைச் சோதிக்கும் பொறுப்பை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கிராம சபைக்கே அளித்தது. வருகைப் பதிவேடு, பற்றுச்சீட்டு, அளவுப் புத்தகம் அனைத்தையும் ஊராட்சி மக்கள் முன் வைக்க வேண்டும் என்றும் கூறியது. இதுவே சமூகத் தணிக்கை.

இது மேலிருந்து வந்த யோசனை அன்று. இராஜஸ்தானத்தில் அருணா ராய் முதலியோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் பதிவேட்டை மக்கள் முன் உரக்கப் படித்தது. வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் அதில் இருந்தன!

பெயரைச் சரிபார்ப்பது எளிது. மண்ணைச் சரிபார்ப்பதுதான் நமக்குச் சுவையான கணக்கு.

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குழி என்று கொள்வோம். கனஅளவு 200 கனமீட்டர். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கனமீட்டர் வெட்டுவதாக வைத்துக்கொண்டால் 100 ஆள்நாட்கள் ஆகும். பதிவேட்டில் 160 இருந்தால், மீதி 60-க்கு விளக்கம் கேட்கலாம்.

ஆனால் அவசரப்பட்டு யாரையும் குற்றம் சாட்டிவிடக் கூடாது. வெட்டிய மண் இளகிப் பருக்கும்; மண்வகையைப் பொறுத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடலாம். கரையில் கொட்டிய குவியலை அளந்தால் 250 கனமீட்டர், அதாவது 125 ஆள்நாட்கள் என்று வரும். யாரும் ஒரு காசு கூடத் திருடாமலேயே 25 ஆள்நாட்கள் வேறுபாடு! ஆகவே குழியைத்தான் அளக்க வேண்டும். தொய்ந்த நாடா உண்மையைவிட அதிக நீளம் காட்டும்; அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பழைய தரைமட்டம் தெரிவதற்காகக் குழியின் நடுவே வெட்டாமல் ஒரு மண்திட்டை விட்டுவைப்பார்கள். அந்தத் திட்டின் உயரமே ஆழம். (சிறுவர்கள் அதன்மேல் ஏறிக் குதித்து மழுக்கிவிடுவதும் உண்டு.) மழைக்குமுன் அளந்துவிட வேண்டும், பிறகு வண்டல் சாட்சியை மூடிவிடும்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கெனச் சமூகத் தணிக்கைச் சங்கம் 2013-இல் அமைக்கப்பட்டது. எனினும் எந்த வாய்க்கால் எப்போது அடைபட்டது என்பதை ஊர்க்காரர் அறிவதுபோல் வெளியார் அறிய முடியாது.

என் எண்ணத்தில், மண் கணக்கோடு நின்றுவிட்டால் தணிக்கை பாதிதான். அந்தக் குழியில் 2,00,000 லிட்டர் நீர் நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அளவுகோல் ஒன்றை நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். மழைக்குப் பின்னும் குழி காய்ந்தே கிடந்தால், வரத்துக் கால்வாயைப் போய்ப் பாருங்கள்.