வலைப்பக்கமும் பழைய கைபேசியும்

மட்டாஞ்சேரி அரண்மனையைப் பற்றி ஓர் ஆசிரியர் மாணவர்க்கென வலைப்பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். போர்ச்சுகீசியர் கட்டி, 1663-க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்ட அம்மாளிகையின் வரலாறும், இராமாயணச் சுவரோவியங்களின் விளக்கமும் எத்தகைய பழைய கைபேசியிலும் படிக்கக் கிடைத்தல் வேண்டும். ஆகையால் தலைப்பு, பத்தி, படம் ஆகியவற்றை எச்.டி.எம்.எல். குறிமொழியில் முதலில் எழுதிவிடுதல் அவசியம். தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். விதிகள் அதன் பின்னரே வருவன. இதற்குப் 'படிப்படியான மேம்பாடு' என்று பொருள்படும் பெயரை 2003-இல் ஸ்டீவன் சாம்பியன் என்பார் வழங்கினார்.

உலாவி தனக்கு விளங்காத சி.எஸ்.எஸ். விதியைக் கண்டு நின்றுவிடுவதில்லை. அதனைத் தள்ளிவிட்டு அடுத்த விதியைப் படிக்கிறது. 1996-இல் வெளியான முதல் வரையறையிலேயே இவ்வேற்பாடு உண்டு. ஓவியங்களைக் கட்டங்களில் அடுக்கும் 'கிரிட்' முறை 2017 மார்ச்சு முதல்தான் முக்கிய உலாவிகளில் பரவியது. அதனை அறியாத கைபேசியில் ஒவ்வோர் ஓவியமும் தன் விளக்கத்துடன் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அழகு குறையும், செய்தி குறையாது.

ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. பழைய உலாவிக்காக 'ஃபுளோட்' முறையில் படத்திற்கு மூன்றிலொரு பங்கு அகலம் குறித்திருந்தால், புதிய உலாவியில் அப்படம் தன் கட்டத்திற்குள்ளும் மூன்றிலொன்றாகச் சுருங்கிவிடும். அவ்வகலத்தை 'சப்போர்ட்ஸ்' என்னும் நிபந்தனைக்குள் நீக்கி எழுதுக. பின்னர் சி.எஸ்.எஸ். கோப்பை அகற்றிவிட்டுப் பக்கத்தை ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்கவேண்டும். எளிய இச்சோதனையை ஏனோ பலர் தவிர்க்கின்றனர்.