பங்குனியிலேயே பார்த்துவிடுங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஏ.சி. மெக்கானிக்கைப் பிடிப்பது கஷ்டம். பங்குனியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை ஃபில்டர் கையோடு வரும். தூசி படிந்த பக்கத்தைக் கீழே பிடித்து, பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீரை விட்டு அலசுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை அடிக்கும். தண்ணீர் சுவரில் வழிகிறதா? பெரும்பாலும் வடிகுழாய் அடைப்புதான்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்காதீர்கள். பல வீடுகளில் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். சீலிங் ஃபேனில் வழக்கமாக இருப்பது 2.5 மைக்ரோஃபாரட். எலக்ட்ரீஷியன் சீக்கிரமே மாற்றிவிடுவார். இறக்கைகளைத் துடைக்க, சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டி இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

ஃப்ரிட்ஜின் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, மெயின் போர்டில் உள்ள, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் மின்சாரம் சட்டென்று நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.