இருப்பு எவ்வளவு தாங்கும்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு வருடம் பணம் வருகிறது, மறுவருடம் கையைக் கடிக்கிறது. நிதி நிலைமையை எப்படி எடைபோடுவது?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஐந்து வருட வரவு செலவை அருகருகே வைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த நன்கொடையைக் கழித்துவிடுங்கள். மிச்சம் எத்தனை மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் தாங்கும்? அதுதான் உண்மையான இருப்பு. வரவில் பாதிக்கு மேல் ஒரே கையிலிருந்து வந்தால் ஆபத்து.

இருப்பு கரையாமல் காக்கும் வழிக்கு உங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆதிரங்கம் நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் உழவர்களுக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். விதை இருப்பு கரையாமலிருக்கத்தான் அப்படி. நீங்களும் வரவில் ஒரு பகுதியை விதைபோல் ஒதுக்கி வையுங்கள்.

சேமித்தால் வரிவிலக்கு போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். பதிவுபெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்கலாம். வரவு நன்றாக இருக்கும் வருடத்திலேயே அதைத் தொடங்கிவிடுங்கள்.