உள்ளே இருப்பவளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நிவேதா,

புது வேலையில், பயனர் என்னென்ன செய்கிறார் என்று சர்வருக்குச் சொல்லும் பகுதியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சின்ன வேலை என்று எண்ணிவிடாதே. உங்கள் கம்பெனியின் நிரலை வெளியாள் எவரும் படிக்க முடியாது. அது என்ன செய்கிறது என்று தெரிந்த சிலரில் இனி நீயும் ஒருத்தி.

அவாஸ்ட் விவகாரத்தைத் தேடிப் படி. இலவச ஆன்டிவைரஸால் பேர் வாங்கிய, செக் நாட்டுக் கம்பெனி அது. அதன் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், நாம் திறக்கும் தளம் மோசடியா என்று பார்த்துச் சொல்லும். அதற்காகத் தள முகவரியைச் சர்வருக்கு அனுப்பும். 2019 அக்டோபரில் விளாடிமிர் பாலன்ட் என்ற நிரலாளர், வெளியே போகும் தகவலைப் பிரித்துப் பார்த்தார். எந்த டேப், பயனர் அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தார், முன்பே வந்திருக்கிறாரா என்பதெல்லாம் அவருக்கான தனி ஐடியோடு போய்க்கொண்டிருந்தன. மோசடித் தளத்தைக் கண்டுபிடிக்க இவை எதற்கு?

ஆனால், வெளியே போவதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. சர்வருக்குள் நடந்ததை 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள்: ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக அந்தத் தகவல் விற்கப்பட்டது. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அவாஸ்டிடம் 1.65 கோடி டாலர் கேட்டது. உலாவல் தகவலை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது.

'பேரை எடுத்துவிட்டோம், யாரென்று தெரியாது' என்பார்கள். உன் காதிலும் அது விழும். நம்பாதே. ஒரு ஐடி, குறிப்பிட்ட நொடியில், ஒரு கடைத் தளத்தில் பொருள் வாங்கியதாகப் பதிவு இருக்கிறது என்று வை. அந்த நொடியில் வாங்கியவர் யார் என்பது கடைக்குத் தெரியும். பதிவை அந்தக் கடையே விலைக்கு வாங்கினால், ஐடிக்குப் பேர் வந்துவிடும். பிறகு அந்த ஆள் தேடிய நோயும், கேட்ட கடனும் அந்தப் பேரிலேயே போய்ச் சேரும்.

அவாஸ்ட் தன் நிரலைத் திறந்து வைத்திருந்தாலும், சர்வரில் சேர்ந்தது யாருக்குக் கைமாறியது என்று அதிலிருந்து தெரிந்திருக்காது. அதனால், சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. கூகுளின் சேஃப் பிரவுசிங்கில் அப்படி ஒரு வழி இருக்கிறது. மோசடித் தளங்களின் சுருக்கப் பட்டியல் நம் கருவியிலேயே இருக்கும். அதோடு ஒத்துப்போனால் மட்டும், முகவரியின் ஹாஷிலிருந்து முதல் சில பைட்டுகள் போகும். முழு முகவரி போகாது.

நீ எடுக்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு எழுது: எதற்குத் தேவை, எப்போது அழியும். 'பின்னால் உதவும்' என்பதைக் காரணமாக ஏற்காதே. கோட் ரிவ்யூவில் இந்தக் கேள்விகளை வாயால் கேட்டதோடு நிறுத்தாமல் எழுத்திலும் போடு. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதற்கு மட்டுமே பயனரின் சம்மதம் செல்லும் என்கிறது.

புதிதாகச் சேர்ந்தவள் 'மாட்டேன்' என்று சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. ஆகவே, இருப்பதில் பாதி விவரத்தை வைத்தே அதே வேலையை முடித்துக் காட்டு. அதற்கு அப்புறமும் மீதிப் பாதி வேண்டும் என்பவர், ஏன் என்று தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா